பதினேழாம் வாய்ப்பாடும் மஞ்சள் வைத்த கார்டுகளும்

சாக்பீஸ் பேர்

அருப்புக்கோட்டையில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் வகுப்பு ஆரம்பித்தபோது அங்கே கம்ப்யூட்டர் இல்லை. கம்ப்யூட்டரை ஒழுங்காகப் பார்த்தவர்களும் இல்லை. பலகை மட்டும் இருந்தது. பச்சைப் பலகையில் வெள்ளைப் பெயிண்டால் ‘கம்ப்யூட்டர் வகுப்பு’ என்று பெரிதாக எழுதி, அதன் கீழே ‘பொறுப்பு: ச. பேச்சியம்மாள், எம்.எஸ்ஸி.’ என்று சாக்பீஸால் எழுதியிருந்தார்கள். பேச்சியம்மாள் நான்தான். இது எழுபதுகளின் நடுவில்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. முதல் நாளே கல்லூரிச் செக்ரட்டரியிடம் கேட்டுவிட்டேன்.

“மேல பெயிண்டு அடிச்சிருக்கீங்க. கீழ மட்டும் ஏன் சார் சாக்பீஸு?”

செக்ரட்டரி லிங்கய்யா நூல் வியாபாரி. ஊரில் பாதித் தறி அவர் கடை நூலில்தான் ஓடியது. வீட்டில் கன்னடம் பேசுவார், வெளியே தமிழ் பேசுவார், கோபம் வந்தால் இரண்டையும் சேர்த்துப் பேசுவார். அன்றைக்குக் கோபம் இல்லை.

“பெயிண்டு அழிக்கிறது கஷ்டம்மா. கோர்ஸு நின்னுபோச்சுன்னா உம் பேர அழிக்கணும்ல. சாக்பீஸுன்னா ஒரு துணி போதும்” என்றார்.

மழையில் அழியுமே என்று கேட்கத் தோன்றியது. எங்கள் பக்கத்து மழையை நினைத்துப் பார்த்து விட்டுவிட்டேன். அது அந்தப் பெயருக்கு ஒரு கெடுதலும் செய்யாது.

யூனிவர்சிட்டி ஒரு வருஷத்துக்குத்தான் அனுமதி கொடுத்திருந்தது, அதுவும் ஒரு நிபந்தனையோடு. தீபாவளிக்குள் எங்கள் மாணவர்கள் எழுதிய புரோகிராம் ஒன்றாவது நிஜக் கம்ப்யூட்டரில் ஓட வேண்டும். அதை யூனிவர்சிட்டி ஆள் நேரில் பார்க்க வேண்டும். ஓடினால் கோர்ஸ் உண்டு, கோர்ஸ் இருந்தால் எனக்கு வேலை உண்டு. இல்லாவிட்டால் துணி எடுத்துத் துடைத்துவிடுவார்கள்.

சொந்த ஊர் பரளச்சியில் என்னைப் பெற்ற அய்யாவிடம் இதைச் சொன்னேன். அவர் கவலைப்பட்ட மாதிரியே தெரியவில்லை. “போனாப் போகுது, வந்துரு தாயி. மல்லி விதைப்புக்கு ஆளு பத்தல” என்றார். கணக்கில் எம்.எஸ்ஸி. வாங்கிவிட்டுக் கரிசலில் கொத்தமல்லி விதைக்கப் போவதற்கு நான் ஏன் மதுரை ஹாஸ்டலில் அந்தச் சாம்பாரைச் சாப்பிட்டேன்? எனக்குப் பயமாக இருந்தது. அதை யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

நான் கம்ப்யூட்டர் வாத்தியாரான கதையும் பெருமைப்படும்படியானது இல்லை. கோடை லீவில் மெட்ராஸில் ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். வகுப்பில் ஃபோர்ட்ரான் என்ற கம்ப்யூட்டர் மொழியைச் சொல்லிக்கொடுத்தார்கள். கடைசி நாளில் வரிசையாக நிறுத்திக் கண்ணாடி வழியாகக் கம்ப்யூட்டரைக் காட்டினார்கள். திருப்பதியில் சாமியைப் பார்க்கக்கூட இதைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும். ‘நகருங்க, நகருங்க’ என்று சொல்ல இங்கேயும் ஓர் ஆள் இருந்தார்.

அந்தத் தரிசனத்தை வைத்துக்கொண்டு பன்னிரண்டு பேருக்குப் பாடம் நடத்தினேன். பாதிப் பேர் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள், மீதி சுற்றுப்பட்டிகளில் விவசாயம் செய்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளைகள். கம்ப்யூட்டர் எப்படி வேலை செய்கிறது என்று புரிய வைக்க அவர்களையே கம்ப்யூட்டர் ஆக்கினேன். ஒருவன் சீட்டில் எழுதிய கணக்கைப் படிப்பான், ஒருத்தி கூட்டிச் சொல்வாள், இன்னொருவன் விடையைப் போர்டில் எழுதுவான். திருச்சுழியில் இருந்து வந்த பூமிநாதனை மெமரி ஆக்கினேன். சொன்ன எண்களை மனதில் வைத்திருந்து கேட்டபோது சொல்ல வேண்டியதுதான் அவன் வேலை. அவன் தூங்கிவிட்டான்.

“ஏலே, மெமரி தூங்குனா மிஷினு என்ன செய்யும்?” என்று பக்கத்தில் இருந்தவன் இடித்தான்.

“எந்திரிச்சதும் கேட்டுக்கிரும்” என்றான் பூமிநாதன்.

அவனை மாதிரி ஒரு சோம்பேறியை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. வெயிலில் நிற்பவன் நிழலுக்கு நகர வேண்டும் என்றால்கூட நிழல் வரட்டும் என்று இருப்பான். ஆளுக்கொரு புரோகிராம் எழுதி வரச் சொன்னேன். அவன் எழுதியது பதினேழாம் வாய்ப்பாடு, மொத்தம் ஆறு வரி. ஒன்று முதல் பதினாறு வரை எண், பக்கத்தில் விடை, அவ்வளவுதான். தலைப்புக்கூட இல்லை.

“தலைப்பு எங்கடா?”

“பாத்தாத் தெரியாதா மேடம்? அதுக்கு ஒரு வரி வீணு.”

வகுப்பிலேயே கெட்டிக்காரி கமலா. அவள் அப்பா லிங்கய்யாவிடம் நூல் எடுத்து நெய்கிறவர். அவள் எழுதியது வேறு ரகம். சுற்றிலும் நட்சத்திரத்தால் பார்டர் போட்டு, நடுவில் செக்ரட்டரியின் பெயரை அவருடைய எல்லாப் பட்டங்களோடும் பெரிய எழுத்தில் அச்சடிக்கிற புரோகிராம். அறுபது வரிக்கு மேல் போனது. செக்ரட்டரிக்கு விஷயம் எப்படியோ எட்டிவிட்டது. அன்று முதல் தினமும் வகுப்பு வாசலில் வந்து நின்று, “எம் பேரு எந்த மட்டுல இருக்கு?” என்று விசாரித்துவிட்டுப் போவார். அதற்கு முன்பு அவர் கேட்டுக்கொண்டிருந்தது, அந்த மிஷின் மழை எப்போது வரும் என்று சொல்லுமா என்பது. மழையைவிடப் பேர் நல்லது என்று நானும் இருந்துவிட்டேன்.

கம்ப்யூட்டருக்கு வழி செய்தவரும் அவரே. மதுரையில் அவர் நூல் வாங்குகிற ஒரு மில்லில் கணக்குப் போட கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். வேலை நாளில் அது சும்மா இருக்காது. விஜயதசமியன்று மில் லீவு, மிஷினும் லீவு. அன்று காலை மட்டும் தருவதாக ஒப்புக்கொண்டார்கள்.

“படிப்பு தொடங்குறதுக்கு அதைவிட நல்ல நாளு ஏது? யூனிவர்சிட்டிக்காரரையும் அன்னைக்கே வரச் சொல்லிருவோம்” என்றார் லிங்கய்யா. யூனிவர்சிட்டிக்காரரும் பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டார்.

பிள்ளைகள் எழுதிய புரோகிராம்களை மில்லுக்கு அனுப்பினோம். அங்கே பஞ்ச் போடுகிற பெண்கள் அவற்றைக் கார்டில் அடித்துக் கொடுத்தார்கள். அந்தக் காலத்துக் கார்டைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை: தபால் கார்டைவிடக் கொஞ்சம் நீளமான, மெல்லிய அட்டை. ஒரு கார்டில் ஒரு வரி. வரியின் எழுத்துகள் மேல் விளிம்பில் சின்னதாக அச்சாகியிருக்கும், அதற்கு நேர் கீழே ஓட்டைகள் இருக்கும். மனிதன் எழுத்தைப் படிப்பான், மிஷின் ஓட்டையைப் படிக்கும். கார்டு நேராக, சுத்தமாக, காய்ந்து இருந்தால்தான் கார்டு ரீடர் அதை உள்ளே இழுக்கும். பஸ்ஸில் வந்து சேர்ந்த கார்டுகளைச் சரிபார்த்து, ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கி மூடி வைத்தேன்.

டின்னுக்கு வச்சா போதுமா?

ஆயுதபூஜைக்கு எங்கள் கல்லூரியில் எதையும் விட்டுவைக்க மாட்டார்கள். தராசு, டைப்ரைட்டர், ஃபுட்பால், மணி, மணி அடிக்கிற கட்டை எல்லாம் ஆபீஸ் ரூமில் சாமி முன்னால் ஏறிவிடும். பிஸ்கட் டின்னும் ஏறியது. நோட்டு, புத்தகம், பிள்ளைகள் புரோகிராம் எழுதிய கோடிங் ஷீட்டுகள் எல்லாம் சரஸ்வதிக்கு என்று அதன் பக்கத்திலேயே அடுக்கினார்கள். வைத்தால் மறுநாள் மறுபூஜை முடியும்வரை எடுக்கக் கூடாது, படிக்கவும் கூடாது. படிக்கக் கூடாது என்பதை மட்டும் பூமிநாதன் வருஷம் முழுக்கக் கடைப்பிடித்தான்.

நான் செக்ரட்டரி வீட்டம்மாவிடம் தெளிவாகச் சொன்னேன். “டின்னு மேல பொட்டு வச்சாப் போதும்மா. திறக்க வேண்டாம்.”

“சரி கண்ணு” என்றார்கள்.

பூஜைக்கு ஊருக்குப் போய்விட்டு, விஜயதசமி காலையில் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினேன். நூல் ஏற்றுகிற வேனில் பன்னிரண்டு பேரும் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். முன்சீட்டில் லிங்கய்யா பட்டு வேட்டியோடு இருந்தார். மடியில் டின், டின்னைச் சுற்றிப் பூச்சரம். மறுபூஜை முடித்து அவரே கையோடு எடுத்து வந்திருந்தார்.

“குடுங்க சார், ஒரு தடவ பாத்துக்கிறேன்.”

“நல்ல நேரத்துல மூடுனது. அங்க போய்த்தான் திறக்கணும். ஏறும்மா.”

வேன் முழுக்கச் சந்தன வாசனை. செக்ரட்டரி தாராளமாகப் பூசிக்கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

மில்லில் கம்ப்யூட்டர் ரூம் வாசலில் அதன் ஆபீசர் ராகவன் நின்றுகொண்டிருந்தார். எடுத்த எடுப்பிலேயே இங்கிலீஷில் சட்டங்களைச் சொன்னார். செருப்பைக் கழற்ற வேண்டும். தூசி கூடாது. எதையும் தொடக் கூடாது. இருமல் இருப்பவர்கள் வெளியே நிற்கலாம். உள்ளே மார்கழி மாதிரிக் குளிர். புரட்டாசி வெயிலில் இருந்து வந்த எங்களுக்குப் பல் கிட்டியது. டின்னை மேஜையில் வைத்து, பூவை எடுத்து, மூடியைத் திறந்தேன்.

ஒவ்வொரு கார்டின் நான்கு மூலையிலும் மஞ்சள். நடுவில் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம். ஒரு கார்டு விடவில்லை. ஈரத்தோடு அடுக்கியதால் மூலையெல்லாம் ஊதி, காய்ந்து, ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கட்டியாக இருந்தன.

“அய்யா, இது என்ன?” என்றேன்.

லிங்கய்யா முகத்தில் ஒரு பெருமை. “எங்க வீட்டுப் பொம்பளையாளுக எல்லாம் ஆபீஸ் ரூமுலயே உக்காந்து வச்சாக. ராத்திரி சாப்பிட நேரமாகிப்போச்சு. தறிக்கு வைக்கும்போது நாடாவ விடுவோமா, தார்க்குச்சிய விடுவோமா? ஒண்ண விட்டாக்கூட அது கோவிச்சுக்கிரும். டின்னுக்கு மட்டும் வச்சா போதுமா? உள்ள இருக்கிறதுதான வேல செய்யிது?”

நியாயமான பேச்சுத்தான். நெசவு செய்கிற ஊரில் வேறு எப்படி நினைப்பார்கள்? எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அழுதால் குளிரில் உறைந்துவிடும் என்று விழுங்கிக்கொண்டேன்.

ராகவன் இங்கிலீஷை விட்டுவிட்டுத் தமிழுக்கு வந்தார். “என்ன சார் இது, கல்யாணப் பத்திரிகையா? இத ரீடர்ல போட்டா உள்ள பூராக் குங்குமமாயிரும். நாளைக்கு மில்லு சம்பளம் போடணும். எடுத்துட்டுப் போங்க.”

லிங்கய்யா மெதுவாகத் திரும்பிக் கம்ப்யூட்டரைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். அவ்வளவு நேரம் குளிரில் கவனிக்கவில்லை. கம்ப்யூட்டரின் நெற்றியில் மூன்று பட்டை விபூதி, நடுவில் சந்தனப் பொட்டு, இரண்டு பக்கமும் வாழைக்கன்று, தலையில் சாமந்தி மாலை. காலடியில் ஓர் எலுமிச்சம்பழம்கூட இருந்தது.

“இது யாரு வச்சா?” என்றார் லிங்கய்யா.

ராகவன் கொஞ்சம் நெளிந்தார். ஆனால் ஆள் விவரமானவர். “அது வெளியில சார். வெளியில எவ்வளவு வேணாலும் வச்சுக்கலாம். உள்ள போறதுக்கு வைக்கக் கூடாது.”

இந்த ஒரு வாக்கியத்தை நான் பிற்பாடு எத்தனையோ வகுப்புகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அதை ரசிக்கிற நிலையில் இல்லை. மணி பத்தாகப் போகிறது. பதினொன்றுக்கு யூனிவர்சிட்டிப் பேராசிரியர் வருவார். ஓட்டிக் காட்ட என்னிடம் இருந்தது ஒரு டின் பிரசாதம்.

ஆறு வரியா, அறுபது வரியா?

பக்கத்து ரூமில் துணி போர்த்திப் பூப்போட்டு வைத்திருந்த மூன்று மிஷின்கள் கண்ணில் பட்டன. கார்டு அடிக்கிற கீ பஞ்ச் மிஷின்கள்.

“வெறுங்கார்டு இருக்கா சார்?”

“கார்டு இருக்கு. அடிக்கிற பொண்ணுக லீவு.”

“நாங்களே அடிச்சுக்கிறோம்.”

“இதுக்கு முந்தி தொட்டிருக்கீங்களா?”

“தொட்டதில்ல. ஆனா இது டைப்ரைட்டர் மாதிரித்தான இருக்கு. எங்க கமலா டைப்ரைட்டிங் ஹையர் பாஸு.”

அவர் தலையைச் சொறிந்தார். லிங்கய்யாவைப் பார்த்தார். மில்லுக்கு வருஷம் முழுக்க நூலுக்கு ஆர்டர் தருகிற மனிதர். “ஒரு மிஷினு மட்டும். உடைச்சுப்புடாதீக” என்றார். மதுரைக்காரர்தான் என்று அப்போது தெரிந்தது.

கமலா உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கட்டியில் இருந்து அவளுடைய கார்டுகளைப் பிய்த்து எடுக்க ஆரம்பித்தாள். செக்ரட்டரி பேர் புரோகிராம். லிங்கய்யா நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பின்னாலேயே உட்கார்ந்தார்.

முதல் கார்டில் ஒரு தப்பு. டைப்ரைட்டரில் தப்பு வந்தால் ரப்பர் போட்டு அழிக்கலாம், போட்ட ஓட்டையை அடைக்க முடியாது. கார்டைக் கசக்கிப் போட்டு மறுபடி அடிக்க வேண்டும். இரண்டாவது கார்டில் இரண்டு தப்பு. குளிரில் மரத்த விரல்களை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டாள். நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். இந்த வேகத்தில் அறுபது கார்டு முடிய சாயங்காலம் ஆகும்.

அவளைத் தனியே கூப்பிட்டேன். “உன்னோடத விட்டுரு. பூமிநாதனோடத அடி.”

“மேடம், அய்யா வருத்தப்படுவாக. அவுக பேரு வருதுன்னு வீட்டுல எல்லாருகிட்டயும் சொல்லியிருக்காக. எங்கப்பா அவுககிட்டதான் நூலு எடுக்குறாக.” கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

“எதுவும் ஓடலைன்னா நாளைக்கு வகுப்பே இருக்காது. அய்யாகிட்ட நான் சொல்லிக்கிறேன். வருத்தம் எம்மேல இருக்கட்டும்.”

சொல்வது சுலபம். திரும்பி வந்து லிங்கய்யா முகத்தைப் பார்த்தபோது நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. என் வாயை எனக்கே பிடிக்காத நாட்கள் உண்டு. அது வேலை செய்ய மறுத்தது அன்று ஒரு நாள்தான். கடைசியில் சொல்லிவிட்டேன். “அய்யா, உங்க பேரு பெரிசு. நேரம் சின்னது. முதல்ல ஆறு கார்டு ஓடட்டும்.”

“ஆறு கார்டா? யாருது?”

எல்லோரும் பூமிநாதனைப் பார்த்தோம். அவன் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தில் வெதுவெதுப்பாகக் காற்று வருகிற இடத்தைக் கண்டுபிடித்துச் சாய்ந்திருந்தான்.

லிங்கய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலியை விட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். இரண்டு மொழியிலும் அவர் பேசாமல் இருந்தது அப்போதுதான்.

கோடிங் ஷீட் எல்லாம் கல்லூரியில் சரஸ்வதி முன்னால் இருந்ததால் பழைய கார்டைப் பார்த்துத்தான் அடிக்க வேண்டியிருந்தது. கமலா மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தாள். தப்பானதைத் தூக்கிப் போட்டாள். பேராசிரியர் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டபோது கார்டுகளைக் கையில் கொடுத்தாள். ராகவன் அவற்றை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பொட்டு எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மிஷினுக்கு உத்தரவு சொல்கிற தன்னுடைய கன்ட்ரோல் கார்டுகளை முன்னாலும் பின்னாலும் வைத்து ரீடரில் போட்டார்.

பேராசிரியர் உள்ளே வந்து எங்களுக்குப் பின்னால் நின்றார். வெள்ளை வேட்டி கட்டிய, மெலிந்த மனிதர். வணக்கம் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. கார்டுகள் உள்ளே போயின. பிரிண்டர் கரகரவென்று ஓடி ஒரே ஒரு வரி அடித்து நின்றது.

ராகவன் குனிந்து படித்தார். “END கார்டு இல்ல. புரோகிராம் எங்க முடியுதுன்னு அதுக்குத் தெரியல.”

எனக்கு வந்ததே கோபம். “ஏண்டா சோம்பேறிப் பயலே, ஆறு வரியில அந்த ஒரு வரியயும் எழுத உனக்கு வலிச்சுச்சா?”

பூமிநாதன் அப்போதுதான் முதல்முறையாக நேராக நின்றான். “எழுதினேன் மேடம். ஆறுல ஒண்ணக் குறைச்சு எனக்கு என்ன மிச்சம்?”

அவன் முகத்தைப் பார்த்தால் பொய் மாதிரி இல்லை. கமலா அடித்த கார்டை எண்ணினேன். ஐந்து. பழைய கார்டை எண்ணினேன். அதுவும் ஐந்து. கடைசிக் கார்டு மட்டும் கையில் கொஞ்சம் கனமாக இருந்தது. நகத்தால் மூலையைக் கீறினேன். STOP கார்டின் முதுகில் END கார்டு சந்தனத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. செக்ரட்டரி வீட்டுச் சந்தனம் அரைத்த சந்தனம், கடைச் சந்தனம் இல்லை. அவ்வளவு பிடிமானம்.

கமலா ஓடினாள். END என்று மூன்றே எழுத்து. அதைத் தப்பில்லாமல் அடித்தாள்.

மறுபடியும் கார்டுகள் போயின. மறுபடியும் பிரிண்டர் கரகரத்தது. இந்த முறை நிற்கவில்லை. ஒன்று, பதினேழு. இரண்டு, முப்பத்து நான்கு. மூன்று, ஐம்பத்தொன்று. வரிசையாகப் பதினாறு வரி வந்து விழுந்தது. யாரும் கை தட்டவில்லை. தட்டலாமா, தூசி கிளம்புமா என்று ஒரு சந்தேகம்.

பேராசிரியர் தாளைக் கிழித்துக் கையில் வைத்துப் பார்த்தார். “பதினேழாம் வாய்ப்பாடா? விடையெல்லாம் சரியா இருக்கான்னு யாரு பாக்குறது?” என்று பேனாவை எடுத்தார்.

“பதிமூணுக்கு நேரா என்ன போட்டிருக்கு?” என்று ஜன்னல் பக்கம் இருந்து குரல் வந்தது.

“இருநூற்று இருபத்தொன்று.”

“சரி. பதினாறுக்கு?”

“இருநூற்று எழுபத்திரண்டு.”

“சரியாத்தான் போட்டிருக்கு” என்றார் லிங்கய்யா. நூல் கடையில் கணக்கப்பிள்ளையைத் தணிக்கை செய்கிற அதே குரல். மிஷின் தேறிவிட்டது என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகு பேராசிரியர் பேனாவை மூடிவிட்டார்.

“ஏம்ப்பா, பதினேழு எதுக்கு?” என்று பூமிநாதனைக் கேட்டார்.

“அஞ்சாம் வகுப்புல அது வராமத்தான் சார் அடி வாங்குனேன். இனிமே நான் மனப்பாடம் பண்ண வேணாம்ல.”

பேராசிரியர் சிரித்துவிட்டார். கார்டை அடித்தது யார் என்று விசாரித்தார். கமலா கதையையும் சந்தனக் கட்டி கதையையும் சொன்னேன். மஞ்சள் வைத்த கார்டு ஒன்றை எடுத்துப் பார்த்து, மோந்தும் பார்த்தார். “எங்க பசங்களை நாங்க மிஷின் பக்கத்துலயே விடுறதில்ல. உங்க பிள்ளைக முதல் நாளே கை வச்சிருச்சு” என்றார். அனுமதி தொடரும் என்று ராகவன் மேஜையிலேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். எனக்கு அப்போதுதான் குளிர் உறைத்தது.

காரியாபட்டி டீ

திரும்பி வரும்போது வேனில் எல்லோரும் பாட்டும் கூத்துமாக வந்தார்கள். முன்சீட்டில் மட்டும் சத்தம் இல்லை. காரியாபட்டியில் டீக்கு நிறுத்தினார்கள். லிங்கய்யா டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். குடிக்கவில்லை. கடைசியில் கேட்டார்.

“ஏம்மா பேச்சி, எம் பேரப் போட அறுபது கார்டு ஆகுமா?”

“அதுக்கு மேலயும் ஆகும்யா. பார்டர் மட்டும் பாதி.”

“இந்தப் பய ஆறுல முடிச்சிட்டான்.” பூமிநாதனைக் கூப்பிட்டார். “ஏலே, நீயாவது உம் பேரப் போட்டிருக்கலாம்ல? பதினாறு வரி வந்துச்சு, ஒண்ணுலகூட உம் பேரக் காணோமே.”

“அது எதுக்குய்யா? கணக்கு சரியா வந்தாப் போதாதா? பேருன்னா ஒரு கார்டு கூட ஆகும்.”

லிங்கய்யா அவனை ஏற இறங்கப் பார்த்தார். என்ன சொல்லப் போகிறாரோ என்று கமலா என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். அவர் டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கிளாஸை வைத்தார்.

“படிப்ப முடிச்சிட்டு நேரா நம்ம கடைக்கு வாடா. நூல இப்படி மிச்சம் பிடிக்கிறவன் எனக்கு ஒருத்தன்கூட இல்ல.” பிறகு கமலாவைப் பார்த்து, “எம் பேர மெதுவா அடி தாயி, அவசரமில்ல” என்றார்.

பூமிநாதன் நூல் கடைக்குப் போகவில்லை. காலையில் எட்டு மணிக்குக் கடை திறக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அந்த ஆசை போய்விட்டது. கம்ப்யூட்டர் வேலைக்கே போனான். ஆறு வரியில் முடிவதை அறுபது வரி எழுத அவனுக்கு உடம்பு வளையாது. அந்தத் தொழிலில் அதற்குத்தான் மதிப்பு என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

வெளியில வச்சுக்கலாம்

அந்த வருஷத்துக்குப் பிறகு எத்தனையோ ஆயுதபூஜை வந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு வெறுங்கார்டை எடுத்துச் செக்ரட்டரி வீட்டம்மா கையில் கொடுத்துவிடுவேன். “இதுதாம்மா எல்லாத்துக்கும் மூத்தது. இதுக்கு வச்சா எல்லாத்துக்கும் வச்ச மாதிரி.” மற்றதைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வேன். அவர்களுக்கும் திருப்தி, ரீடருக்கும் திருப்தி. புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: மிஷினோடு சண்டை போடுங்கள், மனிதர்களோடு போடாதீர்கள். அவர்கள் வைக்கிற பொட்டுக்கு வெளியில் ஓர் இடம் காட்டிவிடுங்கள்.

அந்த முதல் வருஷம் விஜயதசமிக்கு மறுநாள் காலையில் நான் கல்லூரிக்குப் போனபோது வகுப்பு வாசலில் ஏணி போட்டிருந்தது. மேலே பெயிண்டர் நின்றான். பலகையில் என் பெயரைக் காணோம். துணியால் துடைத்த ஈரம் மட்டும் இருந்தது. பேராசிரியர் எழுதிக் கொடுத்த தாளில் வேறு ஏதாவது இருந்திருக்குமோ? இல்லை, செக்ரட்டரிக்குக் கோபம் இன்னும் தீரவில்லையோ?

“யாரு அழிக்கச் சொன்னா?” என்று கத்தினேன்.

பெயிண்டர் டப்பாவைத் திறந்து காட்டினான். உள்ளே வெள்ளைப் பெயிண்ட். “சாக்பீஸு மேல பெயிண்டு பிடிக்காதும்மா. தொடச்சிட்டுத்தான் எழுதணும். அய்யா ரெண்டு கோட்டிங் அடிக்கச் சொல்லியிருக்காக.”

எழுதி முடித்துவிட்டு இறங்கும்போது, பலகையின் நான்கு மூலையிலும் மறக்காமல் குங்குமம் வைத்தான். வைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதை எந்த ரீடரிலும் போடப் போவதில்லை.